செல்லாத கட்டு

மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார்கள்.
இறகுப்பந்து ஆடும்போதும் நிறுத்துவார்களாம்,
காற்று யார் பக்கமும் சாயக் கூடாதென்று.
கில்லமார்ட் சாலைக் கூடத்தில்
ஆட்டக் கோடுகளின் மேலேயே மேசைகள்.
என் இடது கால் கோட்டுக்கு வெளியே,
வலது கால் உள்ளே.

அறுபத்திரண்டு, செப்டம்பர் முதல் தேதி இரவு.
வருமானவரி அலுவலகத்திலிருந்து
எண்ணுவதற்கு இரவல் வந்த குமாஸ்தா நான்.

ஒரு தாள், மூன்று கொடி.
இப்படி இணையலாமா, அப்படி இணையலாமா,
போர்னியோக்காரர் போல இணையலாமா.
இணையலாமா என்ற கேள்வி மட்டும்
அச்சுக்கூடத்துக்கே போகவில்லை.

பிறைக்கொடிக்குக் கட்டுக் கட்டாய் விழுந்தது.
ரப்பர் வளையம் மாட்டி மாட்டி
ஹோ சியூ லானுக்கு விரல் சிவந்துவிட்டது.
இடையிடையே வெற்றுத்தாள்,
நாலுக்கு ஒன்று.
மடிப்பு இருக்கும், பென்சில் பட்டிருக்காது.
வெற்றுத்தாள் என்றால்
சட்டமன்றம் சொல்வதற்குச் சரி என்று பொருளாம்.
மௌனம் சம்மதம்.
பெண்பார்க்க வந்த வீட்டில் சொல்வதை
ஒரு தீவுக்கே சொல்லிவிட்டார்கள்.

இரண்டரை மணிக்கு அந்தத் தாள்.
மூன்று கொடிக்கும் குறுக்கே
தமிழில் ஒரு சொல்.
மேற்பார்வையாளர் மன்சூர் என்னிடம் நீட்டினார்.
"என்ன எழுதியிருக்கு?"
"வேண்டாம்."
"எது வேண்டாமாம்?"
தாளில் அவ்வளவுதான் இருந்தது.

செல்லாத கட்டில் வைத்தார்.
வாய் திறக்காததற்கு ஒரு பொருள் இருந்தது,
திறந்ததற்கு இல்லை.

ண்ணின் சுழிகளை நெருக்கி எழுதிய கை.
மளிகைச் சீட்டில் வாரந்தோறும் பார்க்கிற கை போல.
குவீன்ஸ்டவுன் பெட்டி எங்கள் மேசைக்கு வந்ததா?
நான் கேட்கவில்லை.

விடிந்து வீட்டுக்குப் போனேன்.
தையல்நாயகி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.
"எதில் போட்டாய்?"
"ரகசிய வாக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

மூன்று வருஷம் கழித்து, ஆகஸ்ட் ஒன்பது,
பிரிந்துவிட்டோம் என்றது வானொலி.
அதற்குத் தாள் இல்லை, பெட்டி இல்லை,
எண்ண ஆள் கூப்பிடவில்லை.
நாட்டை இனி யாரிடமாவது ஒப்படைப்பதென்றால்
வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று
பின்னால் எழுதி வைத்தார்கள்.
நல்லதுதான்.

அன்று மாலை சந்தைக்குக் கிளம்பினேன்.
கையில் திணித்தாள் சீட்டை.
வெங்காயம் ஒரு காத்தி.
முற்றலாக இருந்தால் வெண்டைக்காய் வேண்டாம்.

மின்தூக்கிக்குக் காத்திருக்கையில்
அந்தக் கடைசிச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று வருஷத்தில்
கூடத்தில் பார்த்த எழுத்து
எனக்கு மறந்துபோயிருந்தது.