ஐந்தாம் ஆண்டு

கோயம்புத்தூரிலிருந்து கொட்டேஷன் வந்தது:
முப்பது கிலோ துணி துவைக்கும் மெஷின்.
இந்த விலை முப்பது நாள் வரை.

கானாடுகாத்தான் ஹோட்டல் விரிப்பெல்லாம்
மதுரை போய் வெளுத்து வருகின்றன.
இங்கேயே வெளுக்கலாம் என்றுதான்
சிவகங்கைக்கு நாலு தடவை பஸ் ஏறினேன்.
தொழில் மையத்தில் நல்ல மாதிரி,
ஃபேனுக்குக் கீழே உட்காரச் சொன்னார்கள்.

முன் அனுபவம் எத்தனை ஆண்டு?
ஒன்பது வயதில் ஊருணிப் படியில் தொடங்கியதை
எந்தக் கட்டத்தில் எழுத?
'இரண்டு' என்று போட்டான் ஆடிட்டர் ஆபீஸ் சேவுகன்.
சான்றிதழ் உள்ளதுதான் அனுபவமாம்.

திட்ட அறிக்கைக்கு மூவாயிரம்.
பதினோராம் பக்கத்தில், ஐந்தாம் ஆண்டில்,
என் நிகர லாபம்
ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.
ராத்திரி லைட்டைப் போட்டு
அந்தப் பக்கத்தை மட்டும் படிப்பேன்.

மானியம் வந்துரும்மா, என்றார் பேங்க் மேனேஜர்,
கடனுக்குத்தான் ஜாமீன்.
கேட்கக்கூடாது என்று மையத்தில் சொன்னதைச் சொன்னேன்.
சிரித்தார்.
அவருக்குப் பின்னால்
வட்டிக்கடைக் காலத்து இரும்புப் பெட்டி,
சாவி இல்லை, சும்மா அழகுக்கு.

இன்றைக்கு முப்பத்தொன்றாம் நாள்.
பழைய விலைக்கே கிடைக்குமா என்று
போன் போட்டேன்.
லைனில் இருங்க, என்றாள் ஒரு பெண்.
இருக்கிறேன்.
கொடியில் யாருடையதோ வெள்ளை வேட்டி
சொட்டிக்கொண்டிருக்கிறது.