கரகரப்பு

மலையில் பனி இறங்கினால்
பெடலுக்குச் சளி பிடிக்கும்.
அழுத்த அழுத்த
ஸ்டீல் கிடாருக்குள் யாரோ அப்பளம் நொறுக்குவார்கள்.

"ஒளியில் ஓடுவதை வாங்கு, தேயாது"
என்றார் ஐந்துரோடு கடை சவரிநாதன்.
விலையைக் கேட்டுவிட்டு
பழையதை மடியில் வைத்தபடி ஏற்காடு பஸ் ஏறினேன்.

திறந்து, கண்ட்ரோலுக்குள் ஒரு சொட்டு க்ளீனர்.
முப்பது தடவை முன்னும் பின்னும்.
அறுந்த கயிற்றுக்கு
அம்மாபேட்டைத் தறியில் கேட்டு வாங்கிய நைலான் நூல்.
பட்டுப் புடவையில் பூவைத் தூக்கிய நூல்,
இனி என் சுரத்தைத் தூக்கட்டும்.

ஞாயிறு பூசை. செருப்பைக் கழற்றினேன்.
கம்பியைச் சுண்டியது யாருக்கும் கேட்கவில்லை;
பெருவிரல் சாயச் சாய
சுரம் ஏற்கெனவே அங்கிருந்ததுபோல் வந்தது.
நன்மை வாங்க எழுந்த நேரத்தில்
ஒரே ஒரு கரக்.

தையல்கடை ஜெசிந்தா மட்டும் திரும்பினாள்.
என் முகத்தை அல்ல,
காலைப் பார்த்தாள்.