மீட்டரின் நினைவு

வெறும் வயிற்றோடு வரச் சொன்னோம்.
எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள்.
பொங்கோலிலிருந்து ஒருத்தி
ரயிலில் நின்றபடியே,
வயிறு இன்னும் தெரியாத மாதத்தில்
இருக்கை கேட்கக் கூச்சப்பட்டு.

எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ்,
எலுமிச்சை வாசனை,
ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டும்.
"பாயாசப் பாத்திரம் கழுவிய தண்ணி மாதிரி இருக்கு"
என்றாள் ஒருத்தி.
படிவத்தில் அதை எழுத இடமில்லை.

அவள் பெயர் எழுதவும் இடமில்லை.
பெயரை நான் இங்கேயும் சொல்லக்கூடாது.
பூஜ்யம், ஒன்று, நான்கு, ஏழு.
நான் ஒட்டிக் கொடுத்த அந்த எண்ணை
அன்று மாலையே அவள் கணவன் சத்தியசீலன்
ஃபோர்-டி வாங்கினானாம்.
"ஆறுதல் பரிசுகூட விழலை, அக்கா"
என்றாள் அடுத்த முறை,
குலுக்கியது நான்தான் என்பதுபோல.

ஒரு மணி நேரத்துக்குப் பின் ஒரு குழாய் இரத்தம்.
இரண்டாம் மணி முடிவில் இன்னொன்று.
நடுவில் நான் கேள்விகள் கேட்பேன்.
வேலை? காண்டோவில் காவல், இரவு ஷிப்ட்.
தாய் தந்தைக்குச் சர்க்கரை? இருவருக்கும்.
இருபத்திரண்டாவது கேள்வி:
சினைப்பையில் நீர்க்கட்டிகள் உண்டா,
கரு தங்க எத்தனை ஆண்டுகள் ஆயின?
அதைக் கேட்கும்போது மட்டும்
கணினித் திரையைப் பார்த்துக்கொள்வேன்.

முப்பதாவது வாரம்
நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள்.
ஐந்து புள்ளி இரண்டு,
ஐந்து புள்ளி நான்கு,
சாப்பிட்ட பின் ஆறு புள்ளி ஒன்று.
பதினான்கு நாள்,
ஒரே நீல மை,
ஒரே சாய்வு.
அடித்துத் திருத்திய இடமே இல்லை.

மீட்டரைக் கேபிளில் செருகினேன்.

அதிகாலை மூன்று பத்து: பதினொன்று புள்ளி எட்டு.
மூன்று பதினாறு: பதினொன்று புள்ளி ஆறு.
மூன்று இருபத்தொன்று: மறுபடி பதினொன்று புள்ளி எட்டு.

எதிரில் உட்கார்ந்து
தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கையில் ஏதாவது ஒட்டியிருக்கும்னு
கழுவிட்டுக் கழுவிட்டுப் பார்த்தேன்.
காவல் அறையில் பால் டின் இருந்துச்சு, அக்கா.
மூணு மணிக்கு லிஃப்ட்கூட நின்னுடும்.
கரண்டி இருந்துச்சு."

மருத்துவர் திட்டமாட்டார் என்றேன்.
பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றேன்.
இன்சுலின் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.
மூன்றும் உண்மை.
மூன்றுக்கும் தலையாட்டினாள்.
பிறகு சொன்னாள்:

"டாக்டருக்கு எழுதலை.
பிள்ளைக்கு ஏழு வயசு வரைக்கும்
கூப்பிட்டுப் பார்ப்போம்னு சொன்னீங்கல்ல,
ஒருநாள் அதுவே இந்த நோட்டை எடுத்துப் படிக்கும்ல?"

இல்லை, படிக்காது.
இரும்பு அலமாரி, இரண்டு சாவி,
பிறகு ஒருநாள் அரைத்துப்போடும் இயந்திரம்.
பிள்ளைக்கும் எண் தயாராக இருக்கிறது,
அதே நான்கு இலக்கம்,
பின்னால் ஒரே ஓர் எழுத்து.
இதையெல்லாம் சொல்ல வாயெடுத்து
"தண்ணீர் குடிக்கிறீர்களா" என்று கேட்டேன்.

விதிப்படி
மீட்டர் சொன்னது முதல் பத்தியில்.
நோட்டில் இருந்தது இரண்டாம் பத்தியில்.
குறிப்பு என்ற கட்டத்தில்
யாரும் கேட்காத ஒன்றை எழுதினேன்:
பங்கேற்பாளர் கை கழுவி மீண்டும் சோதித்தார்,
இருமுறை.
தரவு சரிபார்க்கும் பையன் நிச்சயம் கேட்பான்,
இது எந்த மாறி என்று.

கீழே கடையில்
என்னைக் கண்டதுமே "ஓ கோசோங்" என்று குரல் கொடுத்துவிடுவார்கள்.
கோசோங் என்றால் சர்க்கரை இல்லாதது.
காலி என்றும்தான்.
பத்து வருடமாக அதையே குடிக்கிறேன்.

வியாழக்கிழமை ஐந்தாம் மாடியில்
எனக்கு ஒரு நேரம் குறித்திருக்கிறார்கள்.
வேறு ஆய்வு, வேறு எண்.
அங்கே இருபத்திரண்டாவது கேள்வியைக் கேட்கும் பெண்
திரையைத்தான் பார்ப்பாள்.
விடிந்ததும் நாக்கின் அடியில் வைத்துக்
குறிக்க வேண்டிய வெப்ப அட்டவணை ஒன்று
என் கைப்பையில் இருக்கிறது.
மாதம் முழுக்க நிரப்பியாயிற்று,
நேற்று இரவு,
ஒரே உட்காரலில், ஒரே பேனாவால்.

என் வெப்பமானி பழைய வகை.
அதற்கு நினைவு கிடையாது.