வினாகிரியில் ஊறும் ஏணி

கச்சான் எழும்பிவிட்டால் பெயின்ற் அடிக்க ஏலாது,
தூசி வந்து குந்திவிடும்.
யன்னலைச் சாத்தி, காற்றாடியையும் நிறுத்தி,
வேர்வை மூக்குநுனியில் திரளத் திரள
ஓர் ஏணியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

ஏணியின் உயரம் என் சுண்டுவிரல் நகம் இரண்டு.
படிகள் ஏழு. பித்தளை.
எண்ணெய் ஏற்றும் ரயில்பெட்டி ஒன்றின் பக்கத்தில்
யாருமே ஏறப்போகாத உயரத்துக்குப் போவது.

பெட்டியின் உடம்பு பிளாஸ்ரிக். அது நல்ல பிள்ளை,
எந்த நிறத்தைக் கொடுத்தாலும் உடுத்திக்கொள்ளும்.
உலோகம்தான் அடம்.
ஏணி, கைபிடிக் கம்பி, கொளுக்கி, எட்டுச் சில்லு,
எதில் ஒரு விரல் பட்டாலும்
பட்ட இடத்தில் கறுப்பு நிற்காது.
மூன்றாம் நாள் அவித்த முட்டையின் கோது போலக்
கழன்று வரும், என் பெருவிரல் ரேகையோடு.
மூன்று முறை கழன்றது.
மூன்று முறையும் கடைக்காரனைத்தான் திட்டினேன்.

பகலில் என் உத்தியோகம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
கண்ணாடித் துண்டில் இரத்தம் பரப்பி நிறமேற்றுவது.
'விளிம்பில் பிடி பிள்ளை, விரலெண்ணெய் படக்கூடாது' என்று
பயில வந்தவர்களின் காதைத் தின்கிறவள் நான்.
நாலாம் முறைதான் எனக்கே அது கேட்டது.

எனவே வினாகிரி. பழைய பல்துலக்கி. கொதித்தாறிய தண்ணீர்.
பிறகு சாமணத்தால் மட்டும்.
சாம்பல் பிறைமர், இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு.
ஓரிரவு கழித்துக் கறுப்பு.

நின்றது.

நின்றதும் ஆசை கூடியது. கறள் வேண்டும்.
திரும்பின பக்கமெல்லாம் கடல் கிடக்கிற ஊரில்
எல்லாரும் சுரண்டி எறிவதை
ஒருத்தி குந்தியிருந்து பூசுவதா என்று
பாலையூற்று றெஜினோல்ட் சிரித்தான்.
வள்ள எஞ்சின் திருத்துகிறவன், கறளோடு சீவிக்கிறவன்.
"உங்கட கேற்றைப் பாத்தனீங்களோ அக்கா,
கீழ்ப்பிணைச்சலே இல்லை."
பார்த்தேன். இல்லைத்தான்.

ஆனால் கேற்றின் கறள் ரயிலின் கறள் அல்ல.
சனிக்கிழமை சீனன்குடாவுக்கு பஸ் ஏறினேன்.
பக்கத் தண்டவாளத்தில், பற்றைக்குள்,
மூன்று பழைய தாங்கிப் பெட்டிகள்.
செம்மண், காவி, கறுவா என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருக்க
காவலுக்கு நின்ற சிப்பாய் வந்தான்.
அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பினான்.
என்ன எழுதுகிறீர்கள்?
பழைய பழக்கத்தில் தொண்டை வரண்டது.
'மலகட' என்றேன்.
என் சிங்களத்தில் கறளுக்குச் சொல் இருந்தது,
காரணத்துக்குத்தான் இருக்கவில்லை.

பெட்டியைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான்.
துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டு
அந்தப் பக்கம் வரும்படி கையைக் காட்டினான்.
மாரிமழை அடிக்கிற பக்கம்.
அங்கே ஏணியின் நாலாம் படிக்குக் கீழே
கறள் ஊதாவாய் இறங்கியிருந்தது,
ஒவ்வோர் ஆணிக்கும் அடியில் ஒரு மீசை.
விடியப்புறம் ஈரத்தோடு பார்த்தால் இன்னொரு நிறமாம்.
இரண்டு வருடமாக அவனுக்கு முன்னால்
வேறொன்றும் நிற்கவில்லையாம்.

ஊதா என்று நான் நினைத்தே இருக்கமாட்டேன்.

இன்று கலந்தேன். காவி இரண்டு துளி, கறுப்பு அரை,
ஊதா ஊசிமுனையளவு.
மூன்று மயிர்த் தூரிகையால் நாலாம் படியிலிருந்து
மழை இறங்குகிற திசையில் இழுத்தேன்.
மேல்படிகளைச் சும்மா விட்டேன்.

இனி நாளை பின்னேரம் மட்டும் தொடக்கூடாது.
கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து
அவற்றின்மேல் குந்தியிருக்கிறேன்.
வெளியே, ஒற்றைப் பிணைச்சலில்,
கேற் ஆடிக்கொண்டிருக்கிறது.