தெற்கில் ஒரு பாகை

மூன்றாம் நாளாக மின்சாரம் இல்லை.
கணினி தூங்குகிறது.
அதிகாலை லாரியில் மாகாணத்துக்குப் போயாக வேண்டும் வட்டம்.
ஆகவே கவராயம்,
முனை மழுங்கிய பென்சில்,
பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய பாகைமானி.
தொண்ணூறுக்கு அருகே அதில்
எந்தப் பயலோ பல்லால் கடித்த தடம்.

எட்டாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று.
இரும்புப் பனி என்போம்:
ஒரு பகல் இளகி, அன்றிரவே இறுகி
புல்லின் மேல் பூட்டிக்கொள்ளும்.
குளம்பால் உடையாது.
அடியில் புல் தெரியும், கண்ணாடிக்குள் தெரிவதுபோல.
அதைப் பார்த்துக்கொண்டேதான் செத்தன.

செம்மறி மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
வெள்ளாடு மூவாயிரத்து இருநூற்று ஒன்பது.
மாடும் கவரியும் எழுநூற்று ஆறு.
குதிரை ஐந்நூற்று அறுபத்தொன்று.
ஒட்டகம் இருபத்தைந்து.

முந்நூற்று அறுபதால் பெருக்கு,
மொத்தத்தால் வகு.
அவ்வளவுதான் வித்தை.
விரல் விறைத்தால் அடுப்பில் காட்டிக்கொள்,
சாணம் புகைந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்,
மறுபடி வகு.

பன்னிரண்டு மணி நிலையில் தொடங்கு என்பது பயிற்சியில் சொன்னது.
நான் ஆறு மணியில் தொடங்கினேன்.
எங்கள் கூடாரமும் வட்டம்தான்,
கதவு தெற்கே.
கதவிலிருந்து இடப்பக்கமாக
நூற்று அறுபத்தேழு பாகை செம்மறி நடந்தது,
வடக்கைத் தொடச் சற்றே முன்னால் நின்றது.
அங்கிருந்து வெள்ளாடு, நூற்று முப்பத்தேழு.
முப்பது மாட்டுக்கு, இருபத்து நான்கு குதிரைக்கு.
ஒட்டகத்துக்கு ஒன்று.
ஒரு பாகை என்பது
கூரில்லாத பென்சிலுக்கு ஒரு கோடு,
இருபத்தைந்து ஒட்டகமும் அந்தக் கோட்டுக்குள்.

நோரோவ் உள்ளே வந்தார், முத்திரைக்காக.
பனிவெளிச்சம் சுட்ட கண்கள்,
தொப்பியைக் கழற்றவில்லை.
“யாஞ்ஜின், இதில் என்னுடையது எங்கே?”
நாற்பத்தொன்று அவருடையது.
அரை சதவீதம்கூட வரவில்லை.
ஒன்றே முக்கால் பாகை என்றேன்,
சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் குனிந்து
அந்த ஒன்றே முக்காலைத் தேடினார்
ஐந்து விலங்குகளுக்கு இடையே.

படிவத்தைத் திருப்பி
பின்பக்கம் அவருக்கு மட்டும் ஒரு வட்டம் போட்டேன்,
தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து.
நாற்பத்தேழில் நாற்பத்தொன்று:
முந்நூற்றுப் பதினான்கு பாகை, அதைக் கரியால் தீற்றினேன்.
மிச்சம் ஆறு உருப்படி:
நாற்பத்தாறு பாகை, வெள்ளையாக.
வெகுநேரம் பார்த்தார்.
கருப்பை அல்ல.
வெள்ளைத் துண்டின் மேல் கட்டைவிரலை வைத்து,
“இதுக்கு எத்தனை கட்டு வைக்கோல் பிடிக்கும்?”

அதற்குச் சூத்திரம் இல்லை என்னிடம்.
பதினெட்டு என்றேன், குத்துமதிப்பாக,
மே மாதம் வரை.
இருபது என்று அவரே எழுதிக்கொண்டார்.
காகிதத்தை அங்கியின் மார்புக்குள் செருகி
போய்விட்டார். முத்திரையை மறந்துவிட்டார்.
கதவு திறந்து மூடிய நேரத்தில்
அடுப்பின் பாதிச் சூடு போனது.

பிறகுதான் கூட்டிப் பார்த்தேன்.
முந்நூற்று ஐம்பத்தொன்பது.
மறுபடியும் அதே.
ஒவ்வொன்றிலும் சொச்சத்தை உதறியிருக்கிறேன்,
உதறியவை எல்லாம் சேர்ந்து
ஒரு பாகையாகிக் கதவருகே காத்திருந்தன.
இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி.
இருபத்து மூன்று உடல்களும்
இன்னொன்றின் காலோ தலையோ.

பெரிய சொச்சம் யாருக்கோ அவருக்கே கொடு என்பது விதி:
செம்மறிக்கு.
அழிப்பானைக் கையில் எடுத்தேன்.
வெளியே லாரி ஹாரன் அடித்தது,
இயந்திரத்தை நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது,
ஓட்டுநர் கத்துகிறான்.
அப்படியே சுருட்டிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பாட்சூரி,
மாகாணப் புள்ளியியல்.
குரல் இரைச்சலுக்குள் போய்ப் போய் வந்தது.
“கோடுகளெல்லாம் நேர்த்தி. ஆனால் கதவுப் பக்கம்…
வட்டம் முடியவில்லையே?”

“ஆமாம்,” என்றேன்,
“இன்னும் மார்ச்தானே.”

அவர் ஏதோ சொன்னார்.
கேட்கவில்லை. பேட்டரி அதோடு தீர்ந்தது.