இருவரும் ஒருவரே

மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
பத்தொன்பது வருஷமாக ஆகாயம் விற்கிறேன்.
விமானத்தில் ஏறியதில்லை.
மீனம்பாக்கத்துக் கண்ணாடிக் கதவு வரைக்கும்
மூன்று முறை போயிருக்கிறேன், அடுத்தவர் பெட்டி தூக்க.

சோனாங்குப்பத்துப் பூங்காவனம்
குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறாள்.
நேராகப் போகிற டிக்கெட்டை அவளுக்கு நான் போட்டதே இல்லை.
சென்னை, கொழும்பு. கொழும்பு, பஹ்ரைன். பஹ்ரைன், குவைத்.
மூன்று தாவல். ஒன்பதாயிரம் மிச்சம்.
சுற்றிப் போனால் காசு குறையும், மைல் ஏறும்.
இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் பிடிபடாத கணக்கு அது.

லீவில் வந்தவள்
கெடிலம் பாலத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே படியேறினாள்,
கையில் எனக்கென்று நெத்திலிக் கருவாடு.
"பக்கத்து சீட்டு மலையாளத்துக்காரி சொன்னா,
பறந்த தூரத்துக்கு ஓசி டிக்கெட் உண்டாமே.
பதினோரு வருஷம் பறந்திருக்கேன், பாருங்க."

பார்த்தேன்.
இரண்டு பூங்காவனங்கள் இருந்தார்கள்.
பழைய பாஸ்போர்ட்காரிக்கு நடுவில் ஜி,
புதுப் பாஸ்போர்ட்காரிக்கு கே.
ஒருத்தி கணக்கில் இருபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது.
இன்னொருத்திக்கு எட்டாயிரத்து இரண்டு.
ஊருக்கு ஒரு டிக்கெட் இருபத்தெட்டாயிரம்.
தனித்தனியாக
இரண்டு பேராலும் வீடு வந்து சேர முடியாது.

ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன்: பூங்காவனம்.
"ஒரே ஆளுதானே?"
"தமிழ்ல ஒரே ஆள்தான்."

கம்பெனிக்கு எழுதினேன். உடனே பதில்,
நன்றியோடும் வருத்தத்தோடும்:
இருவரும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி தேவை,
பரிசீலிக்கப் பதினான்கு வேலை நாள்.
ஜியின் மைல்கள் முப்பதாம் தேதியோடு செத்துவிடும்.
இன்றைக்கு இருபத்தொன்று.

கோர்ட்டுக்கு எதிரே நோட்டரி இருக்கிறார்,
இருபது ரூபாய் பத்திரம் போதும் என்று
பேசிக்கொண்டே போனேன்,
அந்த கேயைப் போட்டது நான் என்று சொல்லாமல் இருக்க.
மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புயல் ராத்திரி, கரண்ட் இல்லை,
செல்போன் வெளிச்சத்தில் பாரம் நிரப்பினேன்.

"ஒம்பது நாள்ல அவ என்னதான் வாங்கலாம்?"
பட்டியலைப் படித்தேன்.
சூட்கேஸ், ஆனால் இந்தியாவுக்கு அனுப்ப மாட்டார்கள்.
காட்டு விலங்குகளுக்கு நன்கொடை.
பஹ்ரைன் லவுஞ்சில் ஆறு மணி நேரம்.

"லவுஞ்சுன்னா?"
"சோபா, சூப்பு. வெந்நீர்ல குளிக்கலாம்."
பார்த்தவன் மாதிரி சொன்னேன்.
அதே பஹ்ரைனில் ஒவ்வொரு முறையும்
கழிவறைப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து
புளிச்சோற்றை டப்பாவிலிருந்து வழித்துத் தின்றவள்,
பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தூங்கியவள்.

"காலை நீட்டலாமா?"
"நீட்டலாம்."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
"அப்ப அவளை அங்க உக்கார வையுங்க.
எட்டு வருஷம் ஓடுனவ.
இவ வெளிய நிக்கட்டும், சின்னவதானே."

ஜி போட்டு அச்செடுத்தேன்.
"வாசல்ல பாஸ்போர்ட்டக் கேட்டா?"
கேட்பார்கள்.
"நோட்டரி பத்திரத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க.
இப்பவே அடிச்சுத் தர்றேன்."
"எந்த எழுத்துப் போடுவீங்க?"

விரல் கீபோர்டுக்கு மேலே நின்றது.
அவள் என்னையே பார்த்தாள், கோபமாக இல்லை.
கருவாட்டுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.
"தமிழ்லயே அடிங்க."