ஆறாவது வாசல்

விடிய நாலரைக்கு ஸ்ராட் பண்ணினால்
டிக் டிக் டிக் என்று தொடங்கும்.
கரிப்பட்டமுறிப்பு தாண்டுவதற்குள்
இரும்பு சூடேறி விரிந்து
தன் வாயைத் தானே பொத்திக்கொள்ளும்.
பத்து மணிக்குக் கராஜில் கொண்டுபோய் விட்டால்
"எங்கையண்ணை சத்தம்?" என்பார்கள்.

ஒரு வருசத்தில் நாலு கஸ்கெற்.
ஒன்று புளியங்குளத்தில், ஒன்று மல்லாவியில்.
மூன்றாவதுக்கு மேலே சிவப்புச் சிலிக்கனை அப்பி
"இனி லொறி போனாலும் இது போகாது" என்றான் றஜீபன்.
பதினேழு நாள் நின்றது.
நாலாவதை நானே போட்டேன்.
அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

முறிகண்டியில் இறங்கித் தேங்காய் அடித்தேன்.
பிள்ளையார் புகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நூற்றிருபது மூட்டை நெல்லோடு
கபினுக்குள் இருமி இருமி
கச்சான் தின்றுகொண்டு போனேன்.

மாங்குளத்தில் நவமலர் சொன்னாள்:
"இரவைக்கு இங்க விட்டிட்டுப் போங்கோ. ஆறட்டும்."

இடது காது அவளுக்குக் கேளாது.
எப்படி என்று இந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை.
விடிய, பனி விலக முன்னம்,
தண்ணி பாய்ச்சும் குழாயில் ஒரு முழம் வெட்டி
ஒரு நுனியை வலது காதில் வைத்தாள்,
மற்ற நுனியை மனிபோல்டில்.
ஒன்று, இரண்டு, மூன்று... வாசல் வாசலாய் நகர்ந்து
ஆறாவதில் நின்றாள்.
விரலால் தடவிக் காட்டினாள்:
குழந்தைக்கு வைக்கிற மை மாதிரி, அவ்வளவு கறுப்பு.

கழற்றினால், கடைசி ஸ்ரட்
தலைக்குள்ளேயே முறிந்து கிடக்கிறது.
முறிந்த முகத்தில் துரு. புதுசில்லை.
நாலு கஸ்கெற்றும்
இல்லாத ஆணியை நம்பித்தான் இருந்திருக்கின்றன.
நேர்க்கம்பியை வைத்துப் பார்த்தாள்.
நடுவில் ஒளி இல்லை;
ஓரத்தில், ஒரு ரூபாய்க் குற்றி நுழையும்போல் வெளிச்சம்.

"இது வளைஞ்சிருக்கு. ஆனா, ஏன் வளைஞ்சது?"

அந்த "ஏன்" ஒருவரும் கேட்காதது.
சாக்கை விரித்து அடியில் போனாள்.
வெகுநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு அடியிலிருந்து அவள் குரல்:
"உந்தப் பைப்பைத் தாங்கிற பிடி எங்க?
வேலிக்கம்பியால ஆர் கட்டினது?"

தெரியாது என்றேன்.
என் முடிச்சை எனக்குத் தெரியாதா.
நெடுங்கேணி றோட்டில் வெள்ளம் வந்த வருசம்,
பள்ளத்தில் விழுந்து பிடி உடைய
இன்றைக்கு மட்டும் என்று கட்டியது.
அன்றிலிருந்து பைப்பின் பாரமெல்லாம்
ஒவ்வொரு குழிக்கும் ஆடி ஆடி
ஆறாவது வாசலில் தொங்கியிருக்கிறது.

மனிபோல்டை உரப்பையில் சுற்றி
மடியில் வைத்து வவுனியாவுக்கு பஸ்ஸில் போனேன்
கடைசலில் முகம் சீவ.
கொண்டக்டர் எட்டிப் பார்த்து
அதற்கும் அரை ரிக்கெற் கேட்டான்.

நான் வர, அவள் முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை ஒட்டி
சிவக்கச் சூடாக்கி
மெழுகுதிரியை உருக்கி விட்டு
ஸ்பனரை அரை இஞ்சி முன்னுக்கும் கால் இஞ்சி பின்னுக்குமாய்,
கோபமில்லாமல், ஒரு பின்னேரம் முழுக்க.
கடைசியில் அது சிணுங்கிக்கொண்டு வெளியே வந்தது.
உள்ளங்கையில் போட்டுத் தந்தாள். பல்லுப்போல இருந்தது.

நடுவிலிருந்து வெளியே வெளியே இறுக்கினாள்.
பைப்புக்குப் பழைய சில்லுத் தகட்டில் புதுப் பிடி.
வேலிக்கம்பியை வெட்டிச் சுருட்டி
ஒன்றும் சொல்லாமல் என் சேட்டுப்பைக்குள் வைத்தாள்.
"நூறு கட்டை ஓடிப்போட்டு வாங்கோ,
ஆறினாப்பிறகு ஒருக்கா இறுக்கோணும்."

மற்றநாள் நாலரைக்கு ஸ்ராட் பண்ணினேன்.
டிக் இல்லை.
கரிப்பட்டமுறிப்பு: பெயரில் மட்டும்தான் இனிக் கரியும் முறிவும்.
கண்ணாடியை இறக்கினால்
காட்டுக்கோழி கூவுவது கேட்கிறது.

ஒலுமடு கழிய
பின்னுக்கு எங்கேயோ, டிபரன்ஸில் போலிருக்கிறது,
உம்ம்ம் என்று
ஒரு மெல்லிய முனகல்.
இவ்வளவு நாளும் இது
கூடவேதான் வந்திருக்கிறது.